வளத்துக்கோங்க

"வளத்துக் குடுங்கன்னுதான் தாயி சொன்னேன். வளந்துருச்சு, அனுப்புங்க."

"ஏலே சுடலை, நாக்கு அழுகிப்போகும்லே. வளத்துக்கோங்க தாயின்னு நீ எங்கையில தூக்கிக் குடுக்கலையா?"

பஞ்சம்மாள் வாசலில் இந்தச் சண்டை நடந்தபோது நான் பக்கத்தில் என் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். ஆமத்தூரில் ஒரு சண்டையை நின்று கேட்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

பஞ்சம்மாளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கரிசல் காடு மட்டும் நிறைய. சுடலை அந்தக் காட்டில் கூலிக்கு நின்றவன். அவன் பெண்டாட்டி அய்யம்மாள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்ததும் சிசுவைக் கொண்டுவந்து இவளிடம் கொடுத்தான். கைம்பெண்ணும் பெண்பிள்ளையைத் தத்து எடுக்கலாம் என்று சட்டம் வந்த மறுவருஷம் அது. பொன்னுத்தங்கம் என்று பேர் வைத்து வளர்த்தாள். சுடலை பிறகு தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனான். சின்னக் கைகளுக்கும் அங்கே வேலை உண்டு என்று தெரிந்ததும் அவனுக்கு மகள் ஞாபகம் வந்துவிட்டது.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. வளர்த்தவள் என்று தனியாக ஓர் உரிமை கிடையாதாம். தத்தாகக் கொடுத்து வாங்கியிருந்தால் தாய். இல்லையென்றால் சோறு போட்டவள், அவ்வளவுதான். 'கோங்க' என்றால் தத்து, 'குடுங்க' என்றால் இரவல். பத்திரம் எதுவும் இல்லை. கூட நின்ற சாட்சி நான் ஒருத்திதான்.

எனக்கு அந்தப் பிள்ளைமேல் விரோதமெல்லாம் இல்லை. குளித்துச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கூலிக்காரத் தெருவில் பிறந்தது, என் அடுப்படிவரைக்கும் வந்து "பெரியம்மா" என்று கூப்பிடும். கூப்பிட்ட அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அது தண்ணீர் குடித்த செம்பைப் புளி போட்டு விளக்கினேன், வாடை போகவில்லை. எருக்குழியில் எறிந்தேன். இதையெல்லாம் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேட்டது வேறு. சுடலை என்ன சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தான் என்றார்கள்.

"வளத்துக் குடுங்கன்னு சொன்னான்யா" என்றேன்.

பஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

கூட்டிக்கொண்டு போக சுடலை வந்த அன்று பிள்ளை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. "பெரியம்மா, நீங்க சொல்லுங்க பெரியம்மா" என்றது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பிறகு கையைக் கழுவினேன்.

அடுத்த தீபாவளி சீசனில் தாயில்பட்டியில் வெடிமருந்து ரூம் வெடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சம்மாளை நிறுத்திவிட்டார்கள். உள்ளே பிள்ளை "அம்மா எங்க" என்று கேட்டுக்கொண்டு கிடந்ததாம். ஊரே போகிறதே என்று நானும் போயிருந்தேன்.

"பிள்ளைக்கு இந்தம்மா என்ன வேணும்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

"உறவு ஒண்ணும் கெடையாதுங்க. அவுக காட்டுக்காரவுக."

கோர்ட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று என்று மாற்றிப் பேசலாமா? பொழுது சாயுமுன் பிள்ளை அடங்கிவிட்டது. உடலைச் சுடலையிடம் கொடுத்தார்கள். பஞ்சம்மாளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அது சட்டம், நான் என்ன செய்ய.

'வளத்துக்கோங்க' என்றுதான் சுடலை சொன்னான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையை அவள் கையில் வைத்து, "இனி நீங்கதான் ஆத்தா" என்று அழுதான். அருகில் நின்று கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சுடலை சாத்தூர்ப் பக்கம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். என் மகள் செல்லக்கனியை விருதுநகரில் நல்ல இடத்தில் கொடுத்தேன். பஞ்சம்மாள் காட்டை விற்றுவிட்டு ராஜபாளையத்தில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். வண்டி ஏறும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. மனுசர் இப்படியும் இருப்பார்களா என்று நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.