கட்டைவிரல் சொன்ன சம்மதம்

தண்ணீர் எனக்கு வேண்டாம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த டம்ளரை யார் கழுவினார்கள், எதை வைத்துக் கழுவினார்கள் என்று தெரியாமல் என்னால் வாய் வைக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தொழிற்சாலையில் எனக்குப் பட்டப்பெயரே ‘சோப்பு’. ஆனால் யாருக்கும் சோப்புப் போட்டு நான் வேலையில் உயர்ந்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது என் அத்தானைப் பற்றி, அதாவது என் அக்காவின் புருஷனைப் பற்றி. அவர் செத்ததற்கு நான்தான் காரணமா என்று கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் பொத்தானிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விஷயம் புரியும்.

நாங்கள் செய்வது கையில் பிடித்து விளையாடுகிற கேமிங் கம்ப்யூட்டர். திரை, பேட்டரி, மின்சுற்று எல்லாம் மற்றவர்கள் பாடு. பொத்தான்கள் மட்டும் என் பொறுப்பு. இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு திசைப் பொத்தான், வலது பக்கம் நாலு வட்டப் பொத்தான்கள், கீழே பட்டாணி அளவில் எழுத்து விசைகள். படம் வரைவது, ரெசின் என்கிற பிசினில் மாதிரி வார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மேல்பூச்சு கொடுப்பது எல்லாம் நானே. மாதிரிக்குச் சம்மதம் கிடைத்த பிறகுதான் இரும்பில் அச்சு வெட்டுவார்கள். வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. அதற்குப் பிறகு பிறக்கிற பொத்தான் எல்லாம் அதே முகத்தோடுதான் பிறக்கும்.

பழுதாகித் திரும்பி வரும் கருவிகளைத் திறந்து பார்ப்பதும் என் வேலை. நீங்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். பொத்தானுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கும். அதற்குள் ஜனங்கள் என்னென்ன விட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பிஸ்கட் துகள், காய்ந்த சாஸ், வியர்வையும் தோலும் சேர்ந்து உருண்ட கறுப்பு அழுக்கு, கடித்துத் துப்பிய நகம். ஒரு கருவியில் பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழுக்குள் எறும்புகள் குடியிருந்தன. அவை எதைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று கிட்டே போய்ப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர்கள் முகத்துக்குப் பவுடர் போட்டுப் பளிச்சென்று வருவார்கள், விரலைப் பார்த்தால் குமட்டும். நான் ஜனங்களை வெறுக்கிறவன் இல்லை சார். அவர்களுடைய விரல்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இடைவெளியே இல்லாத பொத்தானை யோசித்தேன். கருவியின் முகம் முழுக்க ஒரே தோல். பொத்தான்கள் அந்தத் தோலிலேயே மேடாக எழும்பி நிற்கும். தூசி நுழைய வழியில்லை. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், புதுசு. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. முதலாளியம்மா மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழகாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “கட்டைவிரல் என்ன சொல்லுது?”

கட்டைவிரல் என்றால் என் அத்தான். பரிசோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சின்ன வயதிலிருந்து கையில் கிடைத்த விளையாட்டுக் கருவியை எல்லாம் ஒரு கை பார்த்தவர். அக்கா கேட்டாளே என்று அவரை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். வந்த கொஞ்ச காலத்தில் முதலாளியம்மா என் கண்ணைவிட அவர் விரலை நம்ப ஆரம்பித்துவிட்டார். அதில் எனக்குப் பொறாமை என்று தொழிற்சாலையில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

அவர் சோதிக்கிற முறையைச் சொல்கிறேன். மாதிரியை ஒரு துணிக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். முதலில் காய்ந்த விரலால் அமுக்குவார், பிறகு ஈர விரலால். விளையாடுகிறவனுக்குக் கை வியர்க்கும் அல்லவா, அப்போது பொத்தான் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே நான் உப்பும் இன்னும் சிலதும் கலந்து செயற்கை வியர்வை தயாரித்து, சின்ன பாட்டிலில் அவர் மேசை மேலேயே வைத்திருந்தேன். சொட்டுச் சொட்டாக விழும்படி மூடிகூட உண்டு. அவர் அதைத் தொட்டதே இல்லை. கட்டைவிரலை நாக்கில் ஒரு தடவு தடவி அமுக்குவார். மறுபடி நாக்கு, மறுபடி பொத்தான். “சொந்தச் சரக்கு இருக்கும்போது பாட்டில் எதுக்கு மாப்ள?” என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பொத்தான் மேல் அவருடைய எச்சில் மினுங்கும்.

‘விரலை வாயில் வைக்காதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவர் இருக்கைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினேன். அதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை கொடுக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். சாப்பாடு அக்கா கையால். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனி அலமாரி. அத்தான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் கொதிக்கிறதைக் கரண்டியால் எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே போடுவார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தம்பி பார்க்கிறான் என்று அவர் கையில் ஒரு தட்டுத் தட்டுவாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். பிறகு எனக்காக முன்பே எடுத்து மூடி வைத்ததை அக்கா கொண்டுவந்து வைப்பாள். அவள் நல்லவள். அவரும் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்தபோது அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசிக் காயப்போட்டது அவர்தான். எனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துடைத்து முடித்து அதே கையால் மூக்கைச் சொறிந்தார், அவ்வளவுதான் குறை.

முதல் மாதிரியை அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பாக்க லட்சணமா இருக்கு மாப்ள. ஆனா தூங்குது. பொத்தான்னா அமுக்கின உடனே பதில் சொல்லணும்.”

தோலை மெலிதாக்கினேன். தூங்குகிறது என்றார். அடியில் இருக்கும் குமிழை விறைப்பாக்கினேன். தூங்குகிறது என்றார். எழுத்து விசைகளுக்குத் தனித்தனி மேடு கொடுத்தேன். இப்போது புரண்டு படுக்கிறது என்றார். பரிசோதனைப் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. பழையபடி கொஞ்சம் இடைவெளி விட்டுவிடேன், லேசாக ஆடினால்தான் பொத்தானுக்கு உயிர் என்று யோசனை வேறு. அந்த இடைவெளிக்குள் என்னவெல்லாம் சேரும் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மனுஷன் தொட்டால் அழுக்குச் சேரத்தான் செய்யும், சேர்ந்துவிட்டுப் போகட்டுமே என்றார். அப்போதுதான் என் தோளில் கை போட்டு, “கையுறையக் கழட்டிட்டு ஒரு தடவ நீயே அமுக்கிப் பாரேன்” என்றார். அவர் எச்சில் பட்ட பொத்தானை நான் வெறும் விரலால் தொடுவதா? தொடவில்லை. அதை மட்டுமல்ல, நான் செய்த எந்தப் பொத்தானையும் வெறும் விரலால் தொட்டதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

முதலாளியம்மா கெடு வைத்துவிட்டார். அதற்குள் கட்டைவிரல் சரி என்று சொல்லாவிட்டால் பழைய பொத்தானுக்கே அச்சு வெட்டிவிடுவார்கள்.

நான் நிதானமாக யோசித்தேன். குறை பொத்தானில் இல்லை. அவர் விரல் தேவைக்கு மேல் உணர்ந்தது. கடையில் வாங்கி விளையாடப் போகிறவனுக்கு அவ்வளவு நுணுக்கமான விரல் ஏது? அந்த விரலைச் சாதாரண மனிதனின் விரல் அளவுக்கு இறக்கிவிட்டால் தீர்ப்பு நியாயமாக இருக்கும். இதில் எங்கே தப்பு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அச்சுகளைக் கழுவும் திரவம் ஒன்று கிடங்கில் இருக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டால் விரல் மரத்துப்போகும் என்று அச்சுப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பீப்பாயிலேயே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதைத்தான் மேல்பூச்சில் கலந்தேன். அச்சுக்காரர் ஒருநாள் பீப்பாயில் குறைகிறதே என்று கேட்டார். என் மேசையைக் கழுவுகிறேன் என்றேன். சோப்பு அல்லவா, கழுவத்தான் செய்வான் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் கையுறை போட்டிருந்ததும் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அவர் வாயில் நான் எதையும் ஊற்றவில்லை சார். பொத்தான் மேல்தான் பூசினேன். அங்கிருந்து நாக்குக்குக் கொண்டுபோனது அவர். பாட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எச்சரிக்கை கண்ணுக்கு எதிரே இருந்தது.

ஆனால் நான் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. விரல் மரக்க மரக்க, அவருக்கு எல்லாப் பொத்தானும் தூங்க ஆரம்பித்தது. விற்பனையில் இருக்கும் பழைய பொத்தானைக் கொடுத்தால்கூடத் தூங்குகிறது என்றார். விரல் காய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்து முன்னைவிட அதிகமாக நக்கினார். தன் விரல் போய்விட்டது என்று தெரிந்தால் வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் வெளியே மூச்சுவிடவில்லை. நான் அடுத்த மாதிரி செய்தேன். அதற்கும் பூச்சு உண்டு. பிறகு அதற்கடுத்தது.

வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தார். நாக்கெல்லாம் புண். கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அக்கா முகத்தைப் பார்த்து விழிப்பார். தொப்பை வற்றிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. தலைமுடி கொத்தாக உதிர்ந்து தட்டில் விழும். வாயைத் திறந்தால் ஒரு வாடை. அதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். அங்கே போனாலும் ஒரு வாய் இறங்காது. அந்த நாட்களில் நானும் அரைப் பட்டினிதான், அதை யாரும் கேட்கவில்லை.

ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கடைசி மாதிரியை எடுத்துக்கொண்டு போனேன். அதிலும் பூச்சு இருந்தது. கைப்பழக்கம், வேறொன்றுமில்லை. அந்த வார்டு முழுக்கப் பினாயில் வாசனை, தரை பளபளவென்று இருந்தது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அத்தான் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். வாயோரம் வழிந்ததை அக்கா துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்று, சோப்பு வந்துவிட்டான், எல்லோரும் கை கழுவுங்கள் என்று முனகினார். குரலே எழும்பவில்லை.

மாதிரியை அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் எங்கெங்கோ தடவியது. நான்தான் அதைப் பிடித்து, கையுறையோடுதான், பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தேன். கண்ணை மூடி அமுக்கினார். மறுபடி அமுக்கினார். நாக்குக்குக் கொண்டுபோக அவருக்குக் கை எழும்பவில்லை. கண்ணைத் திறந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு மாப்ள. இப்பதான் பதில் சொல்லுது. போயி அச்சு வெட்டச் சொல்லு.”

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. படியிறங்கும்போது கண் கலங்கியது. நேரே போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன், அச்சு வெட்ட ஆரம்பித்தார்கள். அத்தான் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை.

அந்த மாதிரியை அக்கா வைத்துக்கொண்டாள். அவர் கடைசியாகத் தொட்டது அல்லவா. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை அமுக்கிக்கொண்டே இருப்பாள், அதே கையால் கண்ணைத் துடைப்பாள், அதே கையால் சாப்பிடுவாள். கை கழுவு அக்கா என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அதை வாங்கி ஒளித்து வைத்திருக்கலாம்தான். கேட்டால் கொடுத்திருப்பாள். உள்ளதைச் சொன்னால், பொத்தானைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் விரலும் மரத்துப்போய், அத்தானைப் பார்த்த அதே டாக்டரிடம் போய் நின்றதால்தான் நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்றீர்கள். சந்தோஷம்.

இப்போது அக்கா உங்களிடம் சொன்னதை எனக்குச் சொல்கிறீர்கள். நான் அன்றைக்கு வார்டை விட்டு இறங்கிப் போனதும் அத்தான் அவளைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாராம். “வெரல்ல ஒண்ணுமே தெரியல. பொத்தான் எங்க இருக்குன்னே தெரியல. பாவம், அவன் மூஞ்சி வாடிடுமேன்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாத.”

அக்கா துக்கத்தில் இருக்கிறாள் சார். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசியிருப்பாள். பொத்தான் விஷயத்தில் அத்தான் யார் முகத்துக்காகவும் மாற்றிச் சொன்னவர் இல்லை, தொழிற்சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பூச்சில் கலந்தது நான். தெரிந்தேதான் கலந்தேன், அவர் நக்குவார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அவரைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவை மட்டும் துடைத்துக் கொடுங்கள். ஆனால் நல்லாருக்கு என்று அவர் மனசாரத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.