இரண்டு பெடல் கார்

"ஹலோ… ஆமாங்க, காரு விக்கறோம்னு போட்டது நாங்கதான்… ஆமா, ஆமா, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரேதான். ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை… இருங்க, விலைக்கு அப்புறம் வரலாம். முதல்ல குறையெல்லாம் சொல்லிடறேன், காதுல வாங்கிக்கங்க."

நர்ஸம்மா சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பார்வை மங்கிப்போனதால் காரை விற்க ஒப்புக்கொண்ட அவள் கணவர், 'வேண்டாம், அடுக்காதே' என்று எதிரிலிருந்து கையால் கெஞ்சினார்.

"பெயிண்ட் ஒரிஜினல் இல்ல. டிரைவர் பக்கத்துக் கதவ லேசா தூக்கிச் சாத்தணும், இல்லேன்னா கோவிச்சுக்கும். மழை பெஞ்சா பக்கத்து சீட்ல இருக்கறவரோட முட்டி நனையும்… முட்டி மட்டும்தாங்க. எந்த வழியா வருதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்… பெடலா? ரெண்டுதான். போட்டோல சரியாத்தான் பாத்திருக்கீங்க. கிளட்ச் பெடல் கிடையாது. கியர் கம்பியிலயே பைக்ல இருக்கற மாதிரி ஒரு பிடி. அத அழுத்தி கியர் மாத்தணும்… வண்டியக் கெடுத்து வச்சிருக்கோமா? யாரு கெடுத்தது?"

கணவர் தன் சூம்பிய இடது காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சின்ன வயசுலயே இடது கால் சூம்பிப் போயிடுச்சு. கால மாத்த முடியல, அதான் வண்டிய மாத்தினோம்… செஞ்சது தெருமுனை சைக்கிள் கடைக்காரர்… ஆமா, சைக்கிள் கடைதான்! சிரிங்க, நல்லா சிரிங்க. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் கைய விரிச்சப்ப, அந்த மனுஷன் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு செஞ்சு குடுத்தாரு. கூலி என்னன்னு கேட்டா, 'மொத ரவுண்டு என்னைக் கூட்டிட்டுப் போங்க'ன்னாரு. அன்னிக்கு நல்ல மழை. முட்டி நனைஞ்சுதான் எறங்கினாரு, முகம் பூரா சிரிப்பு… வண்டியில எது வேணா மக்கர் பண்ணியிருக்கு, அந்தப் பிடி ஒரு நாள்கூடப் பண்ணினதில்ல."

மறுமுனை விடவில்லை.

"…மேட்டுல பின்னால உருளாதாவா? … கை நழுவினாலா? … என்னங்க நீங்க, வாங்கத்தான் கூப்பிட்டீங்களா, இல்ல ஆபத்துன்னு என் வாயால சொல்ல வைக்கப் பாக்கறீங்களா?… பழையபடி பெடல் மாட்டிக் குடுத்தா கேட்ட விலைக்கு எடுத்துக்கறீங்களா?"

கணவர் மேசையைத் தட்டினார். விளம்பரம் போட்டதிலிருந்து இவ்வளவு நேரம் பேசிய ஆள் இவர் ஒருவர்தான். சரியென்று சொல்லிவிடக் கூடாதா?

"நீங்க சும்மா இருங்க!… உங்கள இல்லங்க, இவரச் சொன்னேன். இல்ல, உங்களயும்னே வச்சுக்கங்க. கழட்ட மாட்டேன்… ஷெட்லயே துருப்பிடிச்சுப் போகட்டும்… என்ன சொன்னீங்க? நொண்டி வண்டியா? இன்னொரு தரம் சொல்லுங்க பாப்போம்… ஹலோ? என்ன சத்தம் அங்க?… யாரும்மா இது?… அவரு பொண்ணா?"

அவள் குரல் சட்டென்று தணிந்தது.

"…ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுட்டிருந்தியா?… ஓ, போட்டோவக் காட்டிக் கூப்பிடச் சொன்னதே நீதானா… உனக்கும் கால் முடியாதா?… எந்தக் கால்மா?… இடதா."

நர்ஸம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது. மகளைத் தடுக்க ஒரு காரணம் தேடித்தான் அந்த மனிதர் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்; அவளால் ஓட்ட முடியாமல் போகத்தான் பெடலையும் மாட்டச் சொல்லியிருக்கிறார்.

"அழாத… அழலியா? கோவமா? அது நல்லது, பிடிய அழுத்தக் கைக்கு பலம் வரும்… ஆனா அப்பாவத் திட்டாத. பயம்மா அவருக்கு. எங்க மாமியாரும் இப்படித்தான். இவரு மொத தடவை வண்டிய எடுத்தப்ப சாமி முன்னால உக்காந்தவங்க, திரும்பி வர்ற வரைக்கும் எந்திரிக்கல… மேட்டுலயா? இரு, இவரு என்னமோ காட்டறாரு."

கணவர் இடது கையை முன்னால் நீட்டி, காற்றை இறுகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விரல்களை விட்டார்.

"பட்டுன்னு விடக் கூடாதாம். பாதி விட்டு, வண்டி முன்னால இழுக்கறப்ப மீதிய விடணும்… ஆமா, ஆமா! அவ்வளவுதான்… ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிப் பாரு… அப்பா வர மாட்டேங்கறாரா? போனை அவருகிட்டக் குடு… வேணாம், நீயே சொல்லிடு. ஸ்டியரிங் உனக்கு, பக்கத்து சீட்டு அவருக்கு… மழை வந்தா என்னவா?… முட்டி நனையட்டும்! வச்சிடறேன்."