சவுக்குத் தோப்பில் வெள்ளை

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் உப்பளத்து வேலைக்காரப் பெண்கள் இருவர்.

“சவுக்குத் தோப்பு பூரா வெள்ளையா இருக்குதுக்கா. உப்புக்காத்துல படிஞ்சதுன்னு நாக்குல வெச்சுப் பாத்தேன், இனிச்சுது” என்றாள் இளையவள்.

“இனிச்சுதா?”

“ஆமாக்கா. கிட்டப் போய் பாத்தா அத்தனையும் பூச்சி. அது விடுற பிசினுதான் இனிச்சுது. மாவு மாதிரி அப்பிக்கினு கிளையை உறிஞ்சுது. மரம் நின்னவாக்குல காயுது. குருவி சத்தமே இல்ல.”

மூத்தவள் தன் காலடியில் இருந்த சவுக்குச் சுள்ளிக் கட்டைப் பார்த்தாள். மகள் வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோகிறாள். கட்டின் மேல் படிந்திருந்த வெள்ளை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“நானும் உப்புன்னுதான் நெனச்சேன்” என்றாள். கால்களைச் சீட்டின் மேல் இழுத்துக்கொண்டு, “போன வாரம் இதே மாதிரி ஒரு கட்டு கொண்டுபோய் மக வீட்டு சவுக்குத் தோப்புல சாத்தி வெச்சிட்டு வந்தேன்.”