நாலு பெடலுக்கு ஒரு பலகை

கடையில் வாங்கும் பலகையைவிட நாமாகத் தேடிப் பிடிக்கும் பலகையில்தான் சந்தோசம் அதிகம். கிற்றார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நீங்கள் வாசிப்பதில்லை என்று நினைக்கிறேன், ஐயா, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி நாலு தாள் தந்திருக்கிறீர்கள். எனக்கு அது தாராளமாகக் காணும்.

பெடல் என்பது கைக்கு அடக்கமான ஓர் இரும்புப் பெட்டி. கிற்றாரிலிருந்து வரும் வயரை அதில் கொழுவி, அதிலிருந்து இன்னொரு வயரை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக வேண்டும். காலால் ஓர் அழுத்து அழுத்தினால் சத்தம் மாறிவிடும். என்னிடம் நாலு பெடல் இருந்தன. சிவப்பு, சத்தத்தைக் கரகரக்க வைக்கும். நீலம், தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் அலைய வைக்கும். பச்சை, ஒருமுறை வாசித்ததைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். மஞ்சளை மிதித்தால் கிற்றார் வாய் திறந்து கதைக்கும். நாலும் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பாவித்துக் கழித்தவை. போர்நிறுத்தத்தில் பாதை திறந்த அடுத்த வருடம், 2003இல், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து வவுனியா வரைக்கும் அனுப்பிவிட்டான்.

நான் போய் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் நாலையும் மேசையில் அடுக்கிவைத்து ஆளையாள் பார்த்தார்கள். வயர், பட்டன், பற்றறி. என்ன நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழுத்திக் காட்டு என்று சைகை செய்துவிட்டு மூன்று பேரும் பத்தடி பின்னால் போய் நின்றார்கள். நான் வயரைக் கொழுவி அழுத்தினேன். சின்னதாக ஒரு லைற் எரிந்தது. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தோம். இந்தப் பக்கம் இயக்கத்தின் சாவடிக்கு வந்தால் எங்கள் ஆட்களும் அதே நாலையும் அதே மாதிரி அடுக்கிவைத்து அதே பத்தடி பின்னால் போனார்கள். கிளிநொச்சி வரைக்கும் பஸ்ஸில் நான் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். அருகில் இருந்த மனுசி எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

ஆனால் பெடல் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பூட்ட ஒரு பலகை வேண்டும். இது எனக்கு ஒரு பிள்ளையார் கோயில் திருவிழாவில் விளங்கியது. எங்கள் இசைக்குழு பக்திப் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறது. நான் சிவப்பை மிதிக்கக் காலைத் தூக்குகிறேன், அது மேடை மணலில் வழுக்கி முன்னால் ஓடுகிறது. எட்டி மிதிக்கிறேன், இன்னும் ஓடுகிறது. கடைசியில் பச்சையையும் கூட்டிக்கொண்டு மேடையை விட்டுக் குதித்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஐயரின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பிரசாதம் போல் இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் தந்தார். ஊர் சிரித்த சிரிப்பு ஒரு கிழமைக்கு என் பின்னால் வந்தது.

வவுனியாவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் நளீர் நானாவிடம் ஓடினேன். அவர் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து படம் காட்டினார். பளபளவென்ற பலகை, சாய்வாக, கீழே வயர் ஓட இடம் விட்டு, தூக்கிக்கொண்டு போகப் பையோடு. விலையையும் சொன்னார்.

"தம்பி, இந்தக் காசுக்கு ஒரு நல்ல பசு மாடு வாங்கலாம். அது பாலும் தரும், கண்டும் போடும்" என்றார் நளீர் நானா. "பலகை எண்டா என்ன? பாரமில்லாம இருக்கோணும். ஆடாம இருக்கோணும். கீழ வயர் போக இடமிருக்கோணும். நீங்களே ஒண்டைத் தேடிப் பிடியுங்கோ."

அந்த மூன்று விதியையும் மனதில் வைத்துக்கொண்டு நான் அந்த மாதம் முழுக்கப் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். அம்மாவின் அலுமாரிக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். பொருத்தமான அளவு, ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், அம்மாவும் விளக்குமாறோடு வந்துவிட்டா. பனம்பலகை காலில் சிராம்பு ஏற்றியது. ஒருநாள் குசினிச் சுளகில் நாலு பெடலையும் வைத்துப் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. பாரமே இல்லை, ஆனால் மிதித்ததும் மற்றப் பக்கம் எழும்பி நீலம் என் முழங்காலில் அடித்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் டிரம்ஸ்காரன் பிரசாந்தன் நிலத்தில் விழுந்து சிரித்தான்.

அந்த நாட்களில்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்றால், தினமும் பார்த்ததுதான். உங்கள் மிதிவெடி அகற்றும் பிரிவில் எனக்கு ஒன்றரை வருடச் சேவை. காலையில் முகக்கண்ணாடியும் கவச அங்கியும் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து மண்ணைக் கீறுவது, பின்னேரம் கிற்றார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்குக் கூரை போட்டோம். உருத்திரபுரத்தில் மயில்வாகனம் அண்ணையின் காணி வாசலில், எங்கள் எச்சரிக்கைப் போட், அதாவது மிதிவெடி அறிவிப்புப் பலகை, நின்றது. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். சிவப்புத் தகரம், வெள்ளை மண்டையோடு. பின்னால் மரச்சட்டம், அதனால் கீழே வயர் ஓடத் தாராளமான இடம். விளிம்பு மடித்துவிட்டபடியால் காலில் வெட்டாது. யார் வடிவமைத்தார்களோ, நல்ல மூளைக்காரர். ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கலாம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் நெஞ்சு படபடத்தது, காதல் வந்த ஆட்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்வார்கள்.

ஸ்ரோரில் கேட்டிருக்கலாம்தானே என்று கேட்டீர்கள். ஸ்ரோருக்குப் பொறுப்பாக விமலேஸ்வரி அக்கா இருக்கிறா. கையெழுத்தில்லாமல் ஓர் ஆணிகூடத் தரமாட்டா. எதற்கு என்று கேட்டால் கிற்றாருக்கு என்றா எழுதுவது?

வியாழக்கிழமை மதியம் கழற்றினேன். அந்தக் கிழமை எங்கள் அணியை வேறு காணிக்கு மாற்றியிருந்தார்கள், மயில்வாகனம் அண்ணையின் காணியில் முன்பக்கம் முடிந்து, கிணற்றடிப் பக்கம் ஆறு பாதை கீறாமல், வெடி தேடாமல் நின்றது. எனக்கு அது தெரியும். வரைபடத்தில் அந்த ஆறு கோடும் நான் கீறியவை. நட்டுச் சாவி போட்டு நாலு நட்டையும் கழற்றி, போட்டை எடுத்து, நட்டுகளைத் திரும்பக் கம்பத்திலேயே பூட்டிவைத்தேன், தொலையாமல் இருக்கட்டும் என்று. அப்படித்தானே எங்களுக்குப் பழக்கியிருக்கிறீர்கள். என்னைக் காட்டிக்கொடுத்தது அந்த நாலு நட்டும்தான் என்று இன்று காலையில் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டைத் தவிர அங்கே வேறு அடையாளம் இல்லை என்பதும் உண்மை. சிவப்பு முனை அடித்த கம்புகளை மாரியில் யாரோ அடுப்புக்கு எடுத்துவிட்டார்கள். எல்லைக்குக் கட்டிய நாடாவை மாடு தின்றுவிட்டது. அவர்களை ஒருவரும் விசாரிக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. மேல்பக்கம் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, துளை போட்டு, நாலு பெடலையும் இறுக்கிக் கட்டினேன். பின்பக்கச் சட்டத்துக்குக் கீழே இரண்டு கட்டை வைத்துச் சாய்வாக்கினேன். ஏறி நின்று குதித்தேன். அசையவில்லை. சிவப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மாறி மாறி மிதித்துக்கொண்டு முற்றத்தில் ஆடினேன். வளவுக் கோழிகள் எல்லாம் கலைந்து ஓடின. முப்பத்தொரு வயதில் ஒரு மனிதன் அப்படிச் சந்தோசப்படலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது மயில்வாகனம் அண்ணையைப் பற்றி. அவரும் மனைவி ஜெகதீஸ்வரி அக்காவும் ஏழு வருடம் இடம்பெயர்ந்து அலைந்துவிட்டு வந்து, சொந்தக் காணிக்கு நேர் எதிரே ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். காலையில் எழும்பினால் அவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் போட்டைத்தான். அந்த ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு நடைமுறை இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு காணி துப்புரவானால் முதலில் போட்டைக் கழற்றுவோம். கையளிக்கும் கடிதம் ஒரு கிழமையோ பத்து நாளோ பிந்தித்தான் வரும். முன்பு மூன்று காணிக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் ஒழுங்கைச் சனத்துக்குப் போட் இல்லை என்றால் வெடி இல்லை. கடிதத்தை ஒருவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வழியால் சைக்கிளில் வந்தேன். வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கல் நடக்கிறது. ஜெகதீஸ்வரி அக்கா தலை முழுகி, புதுச் சேலை உடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றா.

"தம்பி, கண்டனீரே? போட்டைக் கழட்டிப்போட்டாங்கள்" என்றா. "நேத்து சந்தைக்குப் போய் இருட்டினாப் பிறகுதான் வந்தனாங்கள். விடியப் பாக்கிறன், வெறுங் கம்பம் நிக்குது. இவரை எழுப்பி, இவர் நம்பாமல், பேந்து ரெண்டு பேருமா அழுது முடிச்சுத்தான் அடுப்பு மூட்டினனாங்கள்."

"எப்ப உள்ள போறியள் அக்கா?"

"ராகுகாலம் கழியட்டும். பன்ரண்டு மணிக்குப் பிறகு. முதல்ல கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி தண்ணி அள்ளோணும். எங்கட கிணத்துத் தண்ணி, தம்பி. ஏழு வருசம்."

எனக்கும் இலையில் பொங்கல் போட்டுத் தந்தா. கசுக்கொட்டையும் முந்திரிகை வத்தலும் போட்டு, நெய் மணக்க, நல்ல பதம். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். என் மனம் இடையிடையே பலகைக்குப் போய் வந்தது. பெயின்ற் காய்ந்திருக்குமா, துணுக்காய்க்கு வாடகை வான் வண்டியில் போகும்போது உரசுப்படாமல் சாக்கால் சுற்ற வேண்டுமே என்று. அன்று பின்னேரம் துணுக்காயில் ஒரு கோயிலில் எங்கள் நிகழ்ச்சி. பலகையின் முதல் மேடை.

பன்னிரண்டே காலுக்கு, சந்தியில் வானுக்குச் சாமான் ஏற்றும்போது சத்தம் கேட்டது. அது வந்த திசை எனக்குத் தெரியும். சத்தம் குளக்கட்டில் பட்டு ஒருமுறை திரும்பி வந்தது. முதற் சத்தத்துக்கும் மற்றதுக்கும் இடையில் அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. பச்சைப் பெடலை அந்த இடைவெளிக்குத்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றியது, ஏனென்றால் அந்த இடைவெளி பரந்த வெளியில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு, நீங்களே சான்றிதழ் தந்தீர்கள். வான் வெளிக்கிட்டது. நான் முன்சீற்றில் இருந்தேன், பலகை மடியில்.

துணுக்காயில் நான் வாசித்ததுபோல் வாழ்க்கையில் ஒருநாளும் வாசித்ததில்லை. ஒரு பெடலும் அசையவில்லை. பச்சையை அந்த இடைவெளிக்கே திருப்பி வைத்தேன். சனம் எழும்பி நின்று கை தட்டியது. பிரசாந்தன் என்னைக் கட்டிப்பிடித்து, "எங்கையடாப்பா எடுத்தனி இந்தப் பலகையை" என்று கேட்டான். மண்டையோடு கறுப்புப் பெயின்ற்றுக்குக் கீழே, பெடல்களுக்கு அடியில் இருந்தது. அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

ஜெகதீஸ்வரி அக்கா கிணற்றுக்கு எட்டடி இருக்கும்போது விழுந்தா என்றும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது என்றும் மறுநாள் கேள்விப்பட்டேன். மயில்வாகனம் அண்ணை பின்னால் வாளியோடு வந்தவராம். அவருக்கு ஒரு கண் தெரியவில்லை.

நாலாவது தாளும் முடிகிறது. நீங்கள் மூன்று தரம் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கு நான் இன்னும் எழுதவில்லை. மயில்வாகனம் அண்ணை நிதானமான மனிதர், கடிதம் இல்லாமல் அவர் ஏன் உள்ளே போனார் என்று கேட்டீர்கள்.

அவர் போக விரும்பவில்லை, ஐயா. பொங்கல் தின்றுகொண்டிருக்கும்போது அவர் என் அருகில் வந்து குந்தினார். "இவளுக்கு அவசரம்" என்றார். "ஏழு வருசம் பொறுத்தனாங்கள், கடிதம் வருமட்டும் பொறுக்கேலாதே? சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கட ஒப்பீசுக்கு ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வரலாமெண்டு பாக்கிறன்."

ஒப்பீசுக்குப் போனால் போட் எங்கே என்று தேடுவார்கள். அன்று பின்னேரத்துக்குள் பலகை என் கையை விட்டுப் போய்விடும். அக்கா சட்டியும் அகப்பையுமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "தம்பி அங்கதானே வேலை செய்யிறார், அவரையே கேளுங்கோவன்" என்றா. அவர் கேட்டார். கிணற்றடியும் முடிந்ததா என்று இடத்தைச் சொல்லியே கேட்டார்.

"ஓம் அண்ணை, நான்தான் அந்தப் பக்கம் கீறினனான். பயமில்லாமல் போங்கோ" என்று சொன்னேன். அவ்வளவு சந்தோசத்தோடு நிற்கிற மனுசியிடம் வேறு என்ன சொல்ல எனக்கு மனம் வரும், நீங்களே சொல்லுங்கள், ஐயா.