நிர்வாகி நாற்காலிக்கு நெரிசல்

ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் ஏற்றமிகு தலைவர், தங்க மனத்தார் ஞானதுரை அண்ணன் அவர்களே! கல்லாப்பெட்டியின் காவலர், பொருளாளர் பால்ராஜ் அவர்களே! சிலமலை, ராசிங்காபுரத்துப் பெரியோர்களே! காலையில் காய் பறித்துவிட்டு, கையில் மணம் மாறாமல் மேட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஒச்சப்பனின் வணக்கம்!

கணினியில் எங்கே ஓட்டை, எந்த வழியாகத் திருடன் நுழைவான் என்று தேடிச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நம் சங்கம் வாங்கியது. எதற்காக? உங்கள் சரக்கு விவரமெல்லாம் அந்தக் கணினியில்தானே கிடக்கிறது! மொக்கம்மாள் அக்கா என்னிடமே கேட்டார்: "எங்கிட்ட எம்புட்டுக் காய் கெடக்கு, எனக்கு எம்புட்டு அவசரம்னு வாங்குறவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, எவன்ப்பா நல்ல வெல குடுப்பான்?" நியாயமான கேள்விதானே!

மென்பொருள் முதலில் கேட்டது என்ன? நிர்வாகி யார், கடவுச்சொல் என்ன, அவ்வளவுதான். கணினி வேலை பார்க்கும் சுகன்யா தன் பெயரை அடிக்கப் போனார். விட்டார்களா? தலைவர் இருக்கத் தங்கச்சியா என்று தலைவர் பெயர் ஏறியது. பொங்கினார் பொருளாளர்: "அண்ணே பேரு இருக்கு, எம் பேரு இல்லேன்னா எனக்கு என்ன மருவாதி?"

"அண்ணே, இதென்ன கல்யாணப் பத்திரிகையா, பேரு விட்டுப்போச்சுன்னு கோவிக்க?" என்றார் சுகன்யா. கேட்டார்களா? துணைத்தலைவர் ஏறினார், செயலாளர் ஏறினார், பந்தலுக்கு நன்கொடை தந்தவரும் ஏறினார். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் போடிமெட்டு ஜீப்பில்கூட அவ்வளவு பேர் ஏறமாட்டார்கள்! மறக்காமலிருக்க எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். என்ன சொல்? சங்கத்தின் பெயர்! வாசல் பலகையில் விளக்குப் போட்டு எழுதியிருக்கிறதே, அதே பெயர்!

யாரப்பா அங்கே சிரிப்பது? சிரியுங்கள், உங்கள் சரக்குத்தானே!

சோதனை ஓடியது. திருடன் நுழையும் வழி எது? திரையில் சிவப்பாக வந்து நின்றவை அத்தனையும் நம் நிர்வாகிகளின் பெயர்கள்! அங்கேயும் முதல் மரியாதை தலைவருக்கே. "என்னம்மா, நம்ம பேரு மட்டும் பளிச்சுன்னு தெரியுது!" என்று அண்ணன் பூரித்தும் போனார்.

எனக்கு ஆத்திரம் வருகிறது, தோழர்களே! அட்டைக்கடி பட்டு, அடைமழை பட்டு, மலைச்சரிவில் மல்லுக்கட்டி எடுத்த காய், நம் மரியாதைப் பசிக்கா இரையாவது? மரியாதை வேண்டுமா? மாலை போடுகிறோம்! பொன்னாடை வேண்டுமா? போர்த்துகிறோம்! சாவியை மட்டும் வேலை தெரிந்தவர் கையில் கொடுங்கள்! நிர்வாகி சுகன்யா மட்டுமே, மற்றவர் பெயரெல்லாம் நீங்கட்டும், கடவுச்சொல் புதிதாகட்டும் என்போர் கைதட்டுங்கள்!

அடேயப்பா, காது அடைக்கிறது! அட, தலைவரும் தட்டுகிறார்! பொருளாளர் எழுந்து நின்றே தட்டுகிறார்! கேட்டுத் தட்டுகிறார்களோ, மேடைப் பழக்கத்தில் தட்டுகிறார்களோ, நானறியேன். பொதுக்குழுவில் தட்டினால் தட்டியதுதான். பொறுமையாகக் கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி, வணக்கம்! ஏம்மா சுகன்யா, அண்ணன் கையை நிறுத்துறதுக்குள்ள அந்தப் பேரையெல்லாம் வெரசா எடுத்துரும்மா!