எஸ்தருக்கு வந்த சீக்கெல்லாம்

உங்க ஸ்டேஷன்ல சாயா நல்லாத்தான் இருக்கு, ஏமானே. கொஞ்சம் கடுப்பம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். அந்தப் போலீசுகாரப் பிள்ளையத் திட்டாதீங்க. பால் கொறவுண்ணா ஆரு போட்டாலும் இப்பிடித்தான் வரும். நடந்து வந்த சீணத்துக்கு இது போரும். உதியன்குளங்கரையில இருந்து நெய்யாற்றின்கரைக்கு நடந்தேதான் வந்தேன். வண்டி வீட்டில சும்மா கிடக்குது. இழுக்கியதுக்குக் குதிர இல்ல. அதையும் பிறவு சொல்லுதேன்.

நான் வந்தது சோமனுக்க காரியமாட்டு. லாடம் அடிக்கிய சோமன். குதிரப் பந்தயம் முடங்கிப்போனதுக்கு அவன்தான் காரணம்ணு பிடிச்சு உள்ள வச்சிருக்கீங்க. அவன் ஒண்ணும் செய்யல்ல. செய்தது நான். மலையாளப் பார்ட்டிக்காரன் ஆனாலும் அவன் நல்லவனாக்கும். எங்க வீட்டுக்கு லாடம் அடிக்க வந்தா, "சேச்சி, கஞ்சி குடிச்சாச்சா?"ண்ணு கேட்டுட்டுத்தான் பையக் கீழ வைப்பான். அப்பிடி ஒருத்தன் கேக்குதது எவ்வளவு பெரிய காரியம்ணு ஏமானுக்குத் தெரியாது. ஏமானுக்கு வீட்டில கேக்க ஆளிருக்கும். நீங்க மலையாளத்திலேயே எழுதிக்கிடுங்க, எனக்கு எதானாலும் சம்மதம். கையெழுத்து மட்டும் தமிழில போடுவேன். இல்லேண்ணா எங்க தமிழ் பார்ட்டி சுவாமிதாஸ் வாத்தியாரு வருத்தப்படுவாரு.

எஸ்தர்ணா எங்க குதிர. நல்ல செம்பட்ட நிறம், நெத்தியில வெள்ளச் சுட்டி. எனக்க மாப்பிள விஜயதாஸ் திருவனந்தபுரத்தில ஒரு வண்டிக்காரன்ட்ட இருந்து வாங்கிக்கொண்டு வந்தாரு. வேதத்தில உள்ள ராணிக்க பேரையே வச்சாரு. எனக்க பேரு சுகிர்தபாய். கலியாணத்தண்ணு வேதக்கோயில்ல பாதிரி ஐயரு கேட்டப்போ அந்தப் பேர அவரு ஒருக்க சொன்னாரு. அதுக்குப் பிறவு சொன்னதா எனக்கு ஓர்ம இல்ல. என்ன "எட்டீ"ண்ணு கூப்பிடுவாரு. குதிரைய "மக்கா"ண்ணு கூப்பிடுவாரு.

நான் கொறையா சொல்லல்ல. நல்ல மனுசன். குடி இல்ல, அடி இல்ல. காலம்பற எழும்பி, காணத்தை, அதான் கொள்ளுப் பயற அவிச்சு, ஆற வச்சு, கருப்பட்டி பொடிச்சுப் போட்டு, தன் வாயில ஒரு பிடி போட்டுப் பாத்துட்டுத்தான் எஸ்தருக்குக் குடுப்பாரு. நான் வைக்கிய மீன்கறிய நல்லாருக்குண்ணும் சொல்லமாட்டாரு, நல்லால்லண்ணும் சொல்லமாட்டாரு. ஒருக்க வேணும்ணே உப்புப் போடாம வச்சேன். ரெண்டு அகப்ப கூடுதல் வாங்கித் தின்னுட்டு தொழுவத்துக்குப் போனாரு. அண்ணைக்கு நான் சட்டிய ரொம்ப நேரம் கழுவிக்கிட்டு இருந்தேன்.

ஓணம் கழிஞ்சு நடக்கிய குதிரவண்டிப் பந்தயம் ஏமானுக்கே தெரியும். உதியன்குளங்கரையில தொடங்கி பாறசாலையில முடியும். பண்டு அது வெறும் களியும் சிரிப்புமாக்கும், ஜெயிச்சவனுக்கு ஒரு வாழைக்குல. நம்ம தாலுகா தமிழுக்கா மலையாளத்துக்காண்ணு இந்த எல்லைத் தகராறு வந்த பிறவு, தமிழ் பார்ட்டிக்கு எஸ்தர், மலையாளப் பார்ட்டிக்கு செங்கல் சதாசிவன் பிள்ளைக்க வெள்ளக்குதிரண்ணு ஆயிப்போச்சு. எந்தக் குதிர முந்துதோ தாலுகா அந்தப் பக்கம் போவும்ணு சாயாக்கடையில பேச்சு. "டெல்லியில இருந்து கமிஷன் வந்து குதிரைக்க குளம்பையா பாக்கப் போவுது?"ண்ணு நான் கேட்டேன். ஆரும் சிரிக்கல்ல. எனக்க மாப்பிள என்ன ஒரு பார்வ பாத்தாரு. அப்பிடியாவது பாத்தாரேண்ணு இருந்தது.

சுவாமிதாஸ் வாத்தியாரு தமிழ் பார்ட்டிக்க இந்தப் பக்கத்து செக்ரட்டரி. எஸ்தர்ட்ட இனி தமிழில மட்டும்தான் மிண்டணும்ணு கூட்டம் போட்டு தீர்மானம் எழுதினாரு. எஸ்தர் வண்டிப்பணி படிச்சது முழுக்க மலையாளத்தில. வாத்தியாரு துண்ட மடிச்சுத் தோளில போட்டுக்கிட்டு முன்னால வந்து நிண்ணு, "முன்னேறுக"ண்ணு சொன்னாரு. எஸ்தர் கழுத்தத் திருப்பி எனக்க மாப்பிளயப் பாத்துது. அவரு வாத்தியாருக்குக் கேக்காம அதுக்க காதில மலையாளத்தில மெள்ள சொன்ன பிறவுதான் நடந்துது. வாத்தியாரு கண்ணத் தொடச்சாரு. மத்தப் பக்கமும் இதே கததான். சதாசிவன் பிள்ளைக்க குதிர திருநெல்வேலியில வாங்கினது. அதுக்கு மலையாளம் ஒரு பொட்டும் தெரியாது.

சரி, சீக்குக்கு வாறேன்.

முதல் சீக்கு தானா வந்ததாக்கும். அதில எனக்குப் பங்கில்ல. நனஞ்ச புல்லத் தின்னு எஸ்தருக்கு வயிறு வீங்கிப்போச்சு. கிடந்து உருளுது, எழும்புது, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. அந்தச் சமயம் எனக்கும் குளிர்காய்ச்சல், பாயில சுருண்டு கிடக்கேன். அவரு வாசல்ல வந்து நிண்ணாரு. என்னப் பாக்கத்தான் வந்தாருண்ணு முடிய ஒதுக்கிக்கிட்டு எழும்பி இருந்தேன். "எட்டீ, இஞ்சியும் காயமும் எங்க வச்சிருக்க?"ண்ணு கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன். அவரே இடிச்சு, வெந்நீரில கலக்கி, மூங்கில் குழலில ஊத்திக் குடிக்க வச்சு, முற்றத்தில மெள்ள நடத்தி, வயித்தத் தடவி, பாட்டும் பாடினாரு. ஐயரு வந்து ஜெபம் பண்ணினாரு, குதிரைக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் கிடக்கேன். கொஞ்சம் எனக்கும் சேரட்டும்ணு நானும் ஆமேன் சொன்னேன்.

எனக்கு ஒரு யோசன வந்தது அப்பம்தான். ஒரு ஆம்பள சீக்குக்காரிய எத்தன நாள் பாப்பான்? எனக்க அனுபவத்தில ஒரு நாள் கூட பாக்கமாட்டான். எஸ்தருக்கு அடிக்கடி சொகமில்லாம ஆச்சுண்ணா, போதும்ணு மடுத்துப்போயி வித்திருவாரு. பிறவு வேற எந்தப் பணிக்குப் போனாலும் அந்திக்கு வீட்டுக்குள்ள வந்து இருப்பாரு. இதில என்ன தப்பு, ஏமானே? நீங்க தலையாட்ட வேண்டாம், கேட்டா போரும்.

அது சக்கக் காலம், பிலாமரமெல்லாம் காச்சுப் பழுத்துக் கிடக்குது. தேன் போல பழுத்த ஒரு கூழஞ்சக்கைய எடுத்து, கையில எண்ண தேச்சு, சுள சுளையாட்டு அடத்தி, கொட்ட களஞ்சு எஸ்தருக்குக் குடுத்தேன். முழுச் சக்கையும். ஒவ்வொரு சுளைக்கும் அது தலைய ஆட்டிச்சு, எனக்க கைய நக்கிச்சு. நான் குடுத்தத இத்தன சந்தோசமாட்டு தின்ன ஜீவன் எனக்க வீட்டில வேற இல்ல. எனக்கே மனசு கேக்கல்ல. ஆனாலும் குடுத்து முடிச்சேன். அந்திக்கு வயிறு பானை போல ஆயிப்போச்சு. அவரு மடுக்கல்ல. பாயை எடுத்துக்கிட்டு தொழுவத்தில போயிப் படுத்தாரு. எனக்க பாயை.

அடுத்தது தேங்காச் சிரட்டத் துண்டு. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில மெள்ளச் செருகினேன். சின்னத் துண்டுதான், ரொம்ப நொம்பலப்படுத்த எனக்கு இஷ்டமில்ல. எஸ்தர் நொண்டிச்சு. அவரு முழங்கால் போட்டு இருந்து, உப்ப வறுத்து துணியில கெட்டி ஒத்தடம் குடுத்தாரு. வேப்பில அரச்சுப் பூசினாரு. கெட்டுப் போட மெத்தெண்ணு துணி வேணும்ணு எனக்க பெட்டியத் திறந்தாரு. கிறிஸ்மசுக்கு உடுக்கலாம்ணு நான் மடிச்சு வச்சிருந்த சீலைய எடுத்து நீளமாட்டு கீறினாரு. நல்ல நீலச் சீல, ஏமானே. எஸ்தருக்கு நல்லா எடுப்பாத்தான் இருந்துது. நான் அடுக்களையில போயி தேங்கா துருவுனேன். துருவுத சத்தத்தில கண்ணீரு விட்டுக் கரஞ்சா வெளிய கேக்காது.

அதுக்குள்ள ஊரில கத பரவிப்போச்சு. மலையாளப் பார்ட்டிக்காரன் எங்க குதிரைக்குக் கூடோத்திரம் வச்சான், மந்திரம் ஓதினான், மருந்து வச்சான்ணு ஆளுக்கொரு பேச்சு. வாத்தியாரு தொழுவத்தச் சுத்தி காவல் போட்டாரு. கையில கம்பும் கொண்டு நல்ல நல்ல பயலுவ. அவங்களுக்குக் கட்டஞ்சாயா போட வேண்டியது நான். என்கிட்ட இருந்து குதிரையக் காக்க வந்தவங்களுக்கு நானே சாயா போட்டுக் குடுத்தேன். "அக்கா, ஒரு ஈச்சயக் கூட உள்ள விடமாட்டோம்"ணு பறஞ்சாங்க. "அப்பிடித்தான் இருக்கணும் மக்கா"ண்ணு சொல்லிட்டு, காணப் பானையத் தூக்கிக்கிட்டு நான் உள்ள போனேன். ஒருத்தன் கதவத் திறந்து விட்டான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சோமன் வந்து லாடம் மாத்திட்டுப் போனான். நான் எஸ்தருக்குப் பக்கத்தில நிண்ணேன், என்ன செய்யலாம்ணு யோசிச்சுக்கிட்டு. எஸ்தர் எனக்க தோளில மூஞ்சிய வச்சுது. இத்தன செய்தும் அதுக்கு எனக்க மேல ஒரு கோவமும் இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ உருகிப்போச்சு. வாயில்லாச் சீவன், அத என்னத்துக்குப் பாடுபடுத்துதேன்? நான் ஒண்ணும் கெட்டவ இல்ல, ஏமானே. அப்பம்தான் வெளங்கிச்சு. சீக்கு வந்த ஆளு, பாக்குத ஆள விட்டு எங்கயும் போக ஒக்காது. நான் இத்தன நாளும் ஆளு மாறிச் செய்துக்கிட்டு இருந்திருக்கேன்.

தொழுவத்துக்கு இறங்க எங்க வீட்டில கல்லுப்படி உண்டு. விடியக்காலம் அவரு காணச் செம்பும் கொண்டு அதிலதான் இறங்குவாரு. பந்தயத்தண்ணு நான் முந்தி எழும்பி நடுப்படியில எண்ண தேச்சேன். வீட்டு எண்ண இல்ல. வீட்டில எண்ண கொறவு, மீன் பொரிக்கணும். சோமன் குளம்புக்குத் தேச்சுட்டு மறந்து வச்சுப் போன டப்பியில இருந்து எடுத்தேன். டப்பிய படிப் பக்கத்திலயே விட்டது எனக்க மறதியாக்கும். அது அவன லாக்கப்புக்குக் கொண்டு போவும்ணு நான் நெனச்சேனா?

அவரு விழுந்தாரு. வலது கால், முட்டுக்குக் கீழ. எலும்பு முறிஞ்ச சத்தம் அடுக்கள வரைக்கும் கேட்டுது. நான் அடுப்பில இருந்த பால இறக்கி வச்சுட்டுத்தான் ஓடினேன். அது பொங்கிப் போனா பிறவு அவருக்குக் குடுக்கப் பாலுக்கு எங்க போவேன்?

எஸ்தர் ஓடத் தயாரு, ஓட்ட ஆளில்ல. மலையாளத்தில சொல்லி ஓட்ட வாத்தியாரு சம்மதிக்கல்ல. தமிழில சொல்லி ஓட்ட எஸ்தர் சம்மதிக்கல்ல. மத்தப் பக்கம் வெள்ளக்குதிரையும் நிண்ண இடத்தில நிண்ணுது. ரெண்டு பார்ட்டியும் உச்ச வரைக்கும் வெயிலில நிண்ணு ஏசிட்டு வீட்டுக்குப் போச்சு. பிறவுதான் டப்பி கிட்டினதும், சோமனுக்க வீட்டுக் கூரையில கல்லு விழுந்ததும், கடைசியில இந்த வாரம் நீங்க அவனப் பிடிச்சதும். அவனுக்கு அஞ்சு பிள்ளைக. மூத்தது எங்க வீட்டு வாசல்ல வந்து நிண்ணு, "அச்சன் எப்பம் வரும்?"ணு என்னக் கேட்டுது. அதுக்க மூஞ்சியப் பாத்து கள்ளம் சொல்ல எனக்கு வரல்ல. அதனால வந்தேன்.

இனி சொல்லுதத நல்லா எழுதிக்கிடுங்க, ஏமானே. எலும்பு வைத்தியம் பாக்குத தாணுமாலயன் ஆசான் மூங்கில் சிம்பு வச்சுக் காலக் கெட்டி, அசையப்படாதுண்ணு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் உள்ள இருந்து "சுகிர்தம்"ணு ஒரு விளி. ஆருண்ணு நான் வெளிய எட்டிப் பாத்தேன். என்னத்தான். தண்ணி கேட்டாரு. கஞ்சி நான் கோரிக் குடுக்கேன், அவரு குடிக்காரு. பயறுத் தொவரன்ல உப்பு கூடிப்போச்சுண்ணு சொன்னாரு. எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. எங்க கலியாணத்துக்கு வந்த ஆளுகளப் பத்தியெல்லாம் பேசுதோம். மழைக்கு ஓடு ஒழுகுததயும் அவரு இப்பம்தான் கண்டாரு.

எஸ்தரா? அத நான் சதாசிவன் பிள்ளைக்கே குடுத்துட்டேன். அவருக்கு மலையாளம் தெரிஞ்ச குதிர தேவ. எஸ்தருக்கும் அங்க நல்ல தொழுவம். பகரமாட்டு வெள்ளக்குதிரையத் தாறேன்ணாரு. வேண்டாம்ணேன். ஒருக்கப் பட்டது போரும். வாத்தியார்ட்ட, திருப்புறத்தில எனக்க அண்ணன் வீட்டில ஒளிச்சு வச்சிருக்கேன், எனக்க மாப்பிளைக்குக் கூடத் தெரியப்படாது, தெரிஞ்சா வெப்ராளப்பட்டு கால அசைச்சிருவாருண்ணு சொன்னேன். அவரு கூட்டத்தில என்ன வீரத் தமிழச்சிண்ணு பேசி மால போட்டாரு.

எனக்க மாப்பிளைக்க நெனப்பில எஸ்தர் தொழுவத்தில நிக்குதாக்கும். அந்திக்கு நான் போயி ரெண்டு சிரட்டைய குளம்புச் சத்தம் போல கல்லில தட்டுவேன். இப்பம் நல்லா கை பழகிப்போச்சு. நிண்ணு கால் மாத்துதது, நொண்டி நடக்குதது, எல்லாம் வரும். "இடது முன்கால் இன்னும் ஊணல்ல, சுகிர்தம்"ணு உள்ள இருந்து சொல்லுவாரு. "ஒத்தடம் குடுக்குதேன், நீங்க ஒறங்குங்க"ண்ணு சொல்லுவேன். காது அவ்வளவு கூர்ம அவருக்கு.

அவ்வளவுதான். சோமன விட்டிருங்க. என்ன உள்ள வைக்கணும்ணா வைங்க, எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. ஞாயித்துக்கெழமைக்கு முன்ன விட்டா போரும். அண்ணைக்கு ஆசான் கெட்டு அவுக்க வாறாரு. எலும்பு நல்லாக் கூடிச்சாம், இனி நடக்கலாமாம். முதல் நட தொழுவத்துக்குத்தான்ணு அவரு சின்னப்பிள்ள போல சொல்லிக்கிட்டுக் கிடக்காரு. பாவம், அங்க போயி வெறும் கொட்டிலக் கண்டா அவரு தாங்கமாட்டாரு. அந்தச் சங்கடத்த அவருக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. அதனால, மத்தக் காலுண்ணா எத்தன நாள் கிடக்க வேண்டி வரும்ணு ஆசான்ட்ட சும்மா கேட்டு வச்சிருக்கேன்.