காலிக் குழிகள்

விதைத்த நிலக்கடலைப் பருப்பு முளைக்காவிட்டால் மண்ணைக் கிளறிப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும், சார். ஈரம் கூடியிருந்தால் பருப்பு அழுகிக் கிடக்கும். எறும்பு தின்றிருந்தால் தோல் மிஞ்சும். அணில் என்றால் பறித்த தடம் இருக்கும். என் வயலில் இதில் எதுவும் இல்லை. குழி ஒழுங்காக மூடியிருந்தது. உள்ளே பருப்பு மட்டும் இல்லை.

உச்சிப்புளிக்குக் கிழக்கே எங்கள் நிலம். இரண்டு ஏக்கர், மணல். ஒரு பாதியில் சும்மா விதையும், மறுபாதியில் நுண்ணுயிர் பூசிய விதையும் போட்டிருந்தேன். சும்மா போட்ட பாதி நிறைந்து முளைத்தது. நுண்ணுயிர்ப் பாதியில் பத்துக் குழிக்கு இரண்டு காலி.

அந்த நுண்ணுயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரைசோபியம் என்று பெயர். கறுப்புப் பொடியாகப் பொட்டலத்தில் வரும். ஆறிய வடிகஞ்சியில் வெல்லம் கரைத்து, பொடியைக் கலந்து, பருப்பில் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். அது வேருக்குள் புகுந்து கடுகளவு முடிச்சு கட்டும். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது.

மறு விதைப்பில் வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்தேன். பெண்கள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போட்டு வந்தார்கள். வீரலட்சுமி மதினி, இறந்துபோன என் அண்ணனின் மனைவி, இரண்டு குழியில் போட்டால் மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு வெறும் குழியை மூடினார். கேட்டதற்குச் சிரித்தார்.

"வெல்லத்தைப் பூசிக் கையில குடுத்தா வாயி சும்மா கெடக்குமா, கொழுந்தனாரே? விடிஞ்சதுலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

பக்கத்து வரிசையில் பஞ்சம்மாள் விடவில்லை. "பாத்துத்தா, வயித்துக்குள்ள கடல மொளச்சிரப் போகுது. பெறகு ஒன்னையத்தான் புடுங்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நுண்ணுயிரைத் தின்றால் ஒன்றும் செய்யாது. ஆனால் குழி காலியாகும். உங்கள் வேளாண்மை ஆபீஸ் ஏற்பாட்டில் அடுத்த விதைப்பைப் பார்க்கச் சுற்றுவட்டார விவசாயிகள் வருவதாக இருந்தது. அங்கங்கே முளைக்காத வயலைப் பார்த்தால், நுண்ணுயிர் விதையைக் கெடுக்கிறது என்றுதான் சொல்வார்கள். மதினியிடம் இரண்டு தடவை சொன்னேன். சரி என்றார். பிறகும் தின்றார்.

அண்ணன் போன பிறகும் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பங்கு குழம்பு எடுத்துவைப்பவர் அவர்தான். அவரை எப்படித் திட்டுவது? அதனால்தான் அடுத்த விதைப்புக்கு விதையில் பூச்சி மருந்து.

மருந்தையும் நுண்ணுயிரையும் ஒன்றாகக் கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். முதல் நாள் மருந்து, மறுநாள் நுண்ணுயிர். அந்த முறையில் நான் தவறவில்லை. மருந்து பூசிய பருப்பு சிவப்பாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். மேலே கறுப்புப் பொடி ஏறியதும் சிவப்பு மறைந்துவிட்டது. வெல்லத்தை வழக்கம்போலத்தான் சேர்த்தேன்.

கசந்தால் துப்பிவிடுவார் என்று நினைத்தேன். வெல்லம் கசப்பை மறைக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

விதைப்பன்று மத்தியானம் மதினி தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். "கண்ணு மங்குது, கொழுந்தனாரே. கைய விட்றாதீக," என்றார். நான் விடவில்லை.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். முந்தின நாள் நண்டுக் குழம்பு என்றேன். அது பொய் இல்லை. வயலில் மருந்து அடித்தீர்களா என்றார். அடிக்கவில்லை என்றேன். பூசினீர்களா என்று அவர் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கரையோரத்தில் ஒருவரும் நுண்ணுயிர் விதையைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். இருட்டுவதற்குள் மதினியின் பிடி தளர்ந்தது. நண்டுதான் என்று ஊரும் நம்பியது. அவருடைய மகள் ஜோதிகா வீட்டில் அதற்குப் பிறகு நண்டு வாங்குவதில்லை.

வேர்ப்புழுவுக்காகத்தான் மருந்து வைத்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். எங்கள் மணலில் வேர்ப்புழு கிடையாது. பொட்டலத்தில் போட்டிருந்த அளவைப் போல ஐந்து மடங்கு வைத்தேன். மதினி தின்பார் என்று தெரிந்து வைத்தேன்.

இந்த வருஷம் தன் அப்பா பங்கில் ஜோதிகா விதைத்தாள். மருந்து இல்லாமல், நுண்ணுயிர் மட்டும், அதே வெல்லக் கஞ்சியில். நேற்று போய் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தேன். ஒரு குழி காலியில்லை. எப்படி என்று கேட்டேன். அவள் செய்ததை உங்களிடமும் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன், எழுதிக்கொள்ளுங்கள், சார்: விதைக்க வருகிறவர்கள் வயலில் இறங்குவதற்கு முன் அவர்களுக்கு வயிறாரச் சோறு போட்டுவிட வேண்டும்.